ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

போன சனிக்கிழமை காலை ஏழரை மணி. தண்டர்ஹில் ரேஸ் டிராக்கில் காரை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் விள்ளல் வாய்க்குள் போகவில்லை, பக்கத்தில் நீல பிஎம்டபிள்யூவை நிறுத்தியிருந்த தம்பி எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரை விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். பக்கவாட்டில் இருந்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"அண்ணா, இதையா வாங்கினீங்க?"

ஆமாம் என்றேன்.

"நாலும் சேர்த்து எவ்வளவு?"

சொன்னேன். வழக்கம்போல நூறு டாலர் குறைத்துத்தான் சொன்னேன்.

"அடடா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

அவரை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

இட்லி ஆறிப்போனது. கோபம் இதை எழுதும் வரை ஆறவில்லை. மிக்ஸி வாங்கினாலும் மனை வாங்கினாலும் நாம் எல்லோரும் சொல்கிற, எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிற அதே வார்த்தைதான். ஃப்ரீமாண்ட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டி, வில்லோஸ் ஊரைச் சுற்றியிருக்கும் நெல் வயல்களைத் தாண்டி வந்தால் (ஆமாம், நெல் வயல்தான், எங்கள் மன்னார்குடி மாதிரியே) அங்கேயும் அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டிராக்கில் ஓட்ட எந்த டயர் வாங்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். இனி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம்.

மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த டயர் தேர்வு ஒன்றே ஒன்று. சைக்கிள் கடையில் கெஞ்சி ஒரு பழைய டயரை வாங்கி, குச்சியால் தட்டிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடுவது. நிமிர்ந்து உருண்டால் நல்ல டயர், சாய்ந்தால் சாக்கடை. அடுத்த தெரு பையன் முந்திவிட்டால் நாம் இன்னும் வேகமாக ஓட வேண்டும், அவ்வளவுதான். டயரை மாற்றிப் பார்க்கலாமே என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை. பெரியவர்களின் டயர் அறிவோ எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தோடு முடிந்தது. அந்தக் கம்பெனி 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத்தான் ஆரம்பித்தது. "பலூன் செஞ்சவனுக்குக் காத்தைப் பத்தித் தெரியாதா?" என்பார் அப்பா. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் இரண்டு கதவு டொயோட்டா ஜிஆர்86 ஒன்றை வாங்கினேன். பின்சீட்டில் மனிதர் உட்கார முடியாது, அரிசி மூட்டை உட்காரும். வண்டியோடு நாசா அமைப்பில் ஓராண்டு உறுப்பினர் பதவியும், ஒரு நாள் டிராக்கில் ஓட்டும் பயிற்சியும் இலவசம். இந்த நாசா என்பது நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன், 1991-இல் தொடங்கிய மோட்டார் பந்தயச் சங்கம். அம்மாவிடம் போனில் சொன்னபோது விளக்கத்தின் முதல் பாதியிலேயே லைன் கட்டாகிவிட்டது. ஒரு வாரத்தில் மன்னார்குடி முழுக்க நான் நாசாவில் சேர்ந்துவிட்டேன். "மேல போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுடா, நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்தனுப்பறேன்" என்கிறாள். எப்படித் திருத்துவது?

டயருக்கு வருகிறேன். அமெரிக்காவில் கார் டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும், ரோட்டை ஒட்டிப் பிடிக்கும் குணம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹூசியர் ஆர்7 என்றால் 40. டோயோ ஆர்888ஆர் என்றால் 100. ஆனால் எங்கள் உலகத்தின் மந்திர எண் 200. பல கிளப் போட்டிகளில் அதற்குக் கீழே இருக்கிற டயருக்கு இடமில்லை. ஆகவே ஹான்கூக் ஆர்எஸ்4, 200. யோகோஹாமா ஏ052, 200. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், 200. ஃபால்கன் ஆர்டி660, 200. கும்ஹோ வி730, அதுவும் 200.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த யாருக்காவது இந்த எண்ணைப் பார்த்து வயிறு கலங்காமல் இருக்குமா? இன்ஜினியரிங் சீட்டுக்கான கட்-ஆஃப் அது: கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. 199.5 வாங்கிய பிள்ளையின் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இங்கே ஐந்து பிள்ளைகளும் கட்-ஆஃப் 200-க்கு 200! எந்த ஸ்கூல் என்று விசாரிக்காமல் இருப்பேனா? விசாரித்தேன்.

பரிட்சை மையம் டெக்சாஸில், சான் ஏஞ்சலோ என்ற ஊர்ப்பக்கம். 400 மைல் சுற்றுப்பாதை. நான்கு வண்டிக்கு மேற்படாமல் வரிசையாக, சாதாரண நெடுஞ்சாலையில், சாதுவாக, மொத்தம் 7,200 மைல் ஓட்டுவார்கள். நூறு மார்க் டயரைவிட இரண்டு மடங்கு உழைக்கும் டயருக்கு 200. இதுவரைக்கும் சர்க்கார் பரிட்சை மாதிரிதான் தெரிகிறது. விடைத்தாளைத் திருத்தி மார்க் போடுவது யார்? டயர் கம்பெனியே. தானே எழுதி, தானே திருத்தி, மார்க் ஷீட்டைத் தன் உடம்பிலேயே பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைகளில் யாருக்கு நான் சீட்டு கொடுப்பது? (ஆஸ்டினில் இருக்கும் மச்சானிடம், ஒரு நடை சான் ஏஞ்சலோ போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்றேன். தன் பிக்கப் டிரக்கின் டயரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா" என்றான்.)

எல்லோரும் 200 என்றால் கவுன்சலிங்கில் என்ன செய்வார்கள்? கணக்கு மார்க் பார்ப்பார்கள், இயற்பியல் பார்ப்பார்கள், பிறகு பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் நம்பர். டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1225 என்றால் 2025-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்து ஜனனம். ஒரே செட்டில் ஒரு டயர் மூன்று வாரம் மூத்தது என்பதற்காக வாங்கிய டயரைத் திருப்பி அனுப்பிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மார்க் ஒன்றானாலும் குணம் ஒன்றா? ஏ052 நாமக்கல் ஹாஸ்டலில் படித்த பிள்ளை. முதல் சுற்றிலேயே தூள் கிளப்பும், இரண்டாவது செமஸ்டரில் ஆளைத் தேட வேண்டும். ஆர்எஸ்4 கடைசி பெஞ்ச் பையன். சூடேறவே நேரமாகும். ஆனால் விழுந்து எழுந்து பாஸாகி, வேலைக்குப் போய், தங்கைக்குக் கல்யாணம் பண்ணி, பிஎஃப் வாங்கி ரிட்டயராகும். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 300. அதன்மேல் எனக்குத் தனி மரியாதை. 2007-க்கு முன்னால், நுழைவுத்தேர்வு நூறும் சேர்ந்து 300-க்குக் கணக்குப் போட்ட காலத்து ஆள் அது. என் பேட்ச். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகும், டிராக்கில் நாலு சுற்று சுற்றினால் மூச்சு வாங்கும்.

வீட்டில் இந்தக் கட்டத்தில்தான் மனைவி, "ஏங்க, குக்கர் எத்தனை விசில்னு எண்ணணும்" என்று எழுந்து போவாள். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இருக்காது.

டயரை வாங்கிவிட்டால் மட்டும் நிம்மதியா? அடுத்தது காற்று. ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் ஏறும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ. ஆகவே ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்ததும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் அனைவரும் கையில் கருவியோடு குனிகிறார்கள். "காலைல வெறும் வயித்துல 29 இருந்துது. இப்போ 36." "எனக்கு 38 சார், கொஞ்சம் குறைக்கச் சொல்றாங்க." கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மயிலாப்பூரில் ஏதோ சுகர் டெஸ்ட் லேபின் வராந்தா. நியூ ஜெர்சி எடிசனில் என் நண்பன் ஒருவன், மில்வில் டிராக்கில் ஓட்டுகிறவன், இந்த எண்களைத் தேதிவாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தன் சொந்த சுகரை இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். தண்டர்ஹில்லில் ஐந்தாவது வளைவுக்கு சைக்ளோன் என்று பெயர். மேடேறும்போது உச்சியில் ஆகாயம் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். நான் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் ஒரு பழைய சிவப்பு மஸ்டா மியாட்டா, பெயின்ட் வெளுத்துப்போனது, என் பின் பம்பரில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ என்று காட்டினேன். போய்விட்டது. அடுத்த சுற்றில் மறுபடியும் பின்னால் வந்து நின்றது. மறுபடியும் கையை நீட்டினேன். கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பது போல அன்று நான் பலருக்கும் கை நீட்டினேன். நீல பிஎம்டபிள்யூ தம்பியும் அதில் உண்டு.

இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த மியாட்டாவைத் தேடிப் போனேன். ஓட்டியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் படித்தேன். ஆர்எஸ்4. என்னுடையதும் அதுதான். அவருடையதன் பிறந்த தேதி என்னுடையதைவிட இரண்டு வருடம் மூத்தது.

சஸ்பென்ஷனாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி நடக்கும் வழியில், சாதாரணத் தெரு டயரோடு மஸ்டாங் ஓட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் தன் முன் டயரின் ஓரம் பிய்ந்திருப்பதைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. அவனுக்குத் தமிழும் தெரியாது. அதனால் என்ன? அந்த வார்த்தையை இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை கராஜைப் பெருக்கும்போது மனைவி எண்ணிப் பார்த்தாள். வண்டியில் இருக்கும் நான்கு போக எட்டு டயர் அடுக்கியிருக்கிறது. பொன்னி அரிசியில் ரப்பர் வாசனை வருகிறதாம். ஆகவே வாசகர்களில் யாராவது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் இருந்தால் ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 215/40, 18 அங்குலம், ட்ரெட்வேர் 200, இரண்டே நாள் ஓட்டியது. விலையைப் பேசிக்கொள்ளலாம். நேரில்தான் வர வேண்டும். விரலால் சுரண்டிப் பார்க்கக் கூடாது.