மூச்சை விடு, ஓ.டி.யை விடாதே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் ஆலை நடத்தும் பெரியோர்களே! உங்கள் தொழிலாளர்களுக்கு மன அழுத்தம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பதற வேண்டாம். ஒரு ஆள் கூடுதலாகப் போடாமல், உற்பத்தி ஒரு டன்கூடக் குறையாமல் அதைப் போக்க வழி இருக்கிறது. இதை எச்.ஆர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. விழா எடுங்கள்

அக்டோபர் 10 உலக மனநல நாள். 2024-இல் அதன் கருப்பொருளே ‘பணியிடத்தில் மனநலம்’தான். அன்று அடித்த ஃபிளெக்ஸ் கிடங்கில் கிடந்தால், வருடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். நைட் ஷிஃப்ட் முடித்தவர்களைக் கூட்டத்துக்கு இருக்கச் சொல்லுங்கள். மதிய ஷிஃப்ட்காரர்களை முன்கூட்டியே வரவழையுங்கள். தூக்கத்தின் அருமை பற்றி டாக்டர் பேசும்போது முன்வரிசையில் தூங்கி விழுகிறவர் போட்டோவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமோசாவை எண்ணும்போது காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்காதீர்கள். ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று எம்.டி. பேசுவார். அவர்கள் வேறு குடும்பம், வேறு சம்பளச் சீட்டு.

2. மூச்சுப் பயிற்சி கொடுங்கள்

யோகா மாஸ்டரை ஏ.சி. ஹாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரோலிங் மில் பக்கம் கூட்டிப்போனால், இழுத்த மூச்சை அவரே வெளியே விட மாட்டார். ‘இந்தக் கணத்தில் மட்டும் வாழுங்கள்’ என்று அவர் சொன்னால் தொழிலாளிகள் சிரிக்கக்கூடும், கண்டிக்க வேண்டாம். சிவந்து பாய்ந்து வரும் கம்பியை இடுக்கியால் கவ்வித் திருப்பி அடுத்த ரோலுக்குள் விடுகிறவர், எட்டு மணி நேரமும் அதைத்தான் செய்கிறார். மகளின் ஸ்கூல் ஃபீஸை அரை நொடி நினைத்தாலும் கம்பி காலைப் பார்க்கும்.

3. நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொடுங்கள்

உங்கள் நேரத்தை அல்ல, அவர்கள் நேரத்தை. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் அது ஓ.டி., இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சிலர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பீர்கள். மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தில் வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். மனம் தளராதீர்கள். ‘ரிலீவர் வரல, கொஞ்சம் பாத்துக்கப்பா’ என்ற ஒற்றை வரிக்குச் சட்டமன்ற ஒப்புதல் தேவையில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடாதீர்கள்.

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் ஏறி வருகிறவர், சரக்கு வண்டிக்கு வழிவிட்டு லோக்கல் ரயில் நிற்கும் நேரத்தைத் தியானத்துக்குப் பயன்படுத்தலாம். லேட்டானால் அரை நாள் சம்பளம் போகும் என்ற நினைப்பு குறுக்கே வந்தால், அது அவருடைய மன ஒருமைக் குறைபாடு.

4. புகார்ப் பெட்டி வையுங்கள்

இடம் முக்கியம். மேனேஜர் அறை வாசல், மேலே சி.சி.டி.வி. கேமரா. பெயர் எழுதக் கட்டாயம் இல்லை. டோக்கன் நம்பர் போதும். ஒரு சீட்டும் விழவில்லை என்றால் குறையே இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதலாம்.

5. எல்லோருக்கும் புரியாத மொழியில் பேசுங்கள்

ஃபர்னஸில் நிற்பவர்களில் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவர்கள் நிறைய. ஆகவே மனநலக் கையேட்டை ஆங்கிலத்தில் அச்சடியுங்கள். தமிழ் ஆட்களும் படிக்க மாட்டார்கள், சமத்துவம் நிலைநாட்டப்படும்.

6. சோறு, கழிப்பறை பற்றிப் பேச்செடுக்காதீர்கள்

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை ஜனவரி 12-இல்தான் திறந்தது. தியான வகுப்பு வேண்டும் என்று அந்தச் சாலையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, உடனே மறந்துவிடுங்கள்.

7. லீவு கேட்பவரைக் கலகலப்பாக்குங்கள்

‘மனசு சரியில்லை சார்’ என்று ஒருவர் வந்து நின்றால், ‘என்னப்பா, கீழ்ப்பாக்கமா?’ என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்கட்டும். 1794 தொட்டு வரலாறு உள்ள அந்த மனநல மருத்துவமனையின் பெயர் ஒரு கிண்டலுக்காவது பயன்படட்டும். அடுத்த ஆள் வந்து கேட்கவே மாட்டார். அத்தோடு மன அழுத்தம் ஒழிந்தது.

செய்யவே கூடாதது

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வேறொரு வழி சொன்னது: தொழிலாளியைத் திருத்துவதோடு நிற்காமல் வேலைச் சுமையையும் வேலைச் சூழலையும் திருத்துங்கள், மேலாளர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். கும்மிடிப்பூண்டிக் கணக்கில் சொன்னால், ஆள் குறைந்த ஷிஃப்டில் ஆள் போடுவது, வார லீவை வார லீவாக விடுவது, ஓ.டி. வேண்டாம் என்று சொன்னவரைப் பழிவாங்காமல் இருப்பது, காண்ட்ராக்ட் ஆளுக்கும் அதே கேன்டீன் சோறு, திட்டாத சூப்பர்வைசர். எல்லாம் செலவு பிடிக்கும் வேலை. மூச்சுப் பயிற்சிதான் மலிவு.

இதைக் கண்ணாடிக்கு அடியில் எட்டிப் பார்த்துப் படித்துவிட்ட தொழிலாளத் தோழருக்கு ஒரு வார்த்தை, கேலி இல்லாமல். மனசு தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் இந்தியிலும் பேசலாம். அதற்கு சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை.