விடுமுறையிலிருந்து விடுப்பு கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
உறுப்பினர் (தற்போதைக்கு),
சென்னை.

பெறுநர்:
உறுப்பினர் நல்லுறவு மேலாளர் அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுமுறை கிளப்.

பொருள்: 25 ஆண்டு மகிழ்ச்சியை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா – முடிவு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஒப்பந்தப் புத்தகம். 2. தங்கள் பிரதிநிதி வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு. 3. அந்தத் தாளை நாங்கள் கேட்டதும் அவர் நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய வரவேற்புப் பெட்டி கூரியரில் வந்து சேர்ந்தது. வெல்வெட் ஒட்டிய பெட்டி. திறந்ததும் பொன்னிற எழுத்தில் மெம்பர் அட்டை, சூட்கேஸில் கட்டிக்கொள்ள இரண்டு தோல் பட்டை, பனிமூட்டத்தில் கைகோத்து நிற்கும் ஒரு குடும்பத்தின் வண்ணப்படம். ஒப்பந்தப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அடியில், தெர்மாகோலுக்குக் கீழே இருந்தது. என் மனைவி தெர்மாகோலையும் தூக்கிப் பார்க்கிற வழக்கமுள்ளவர். அதனால்தான் இந்தக் கடிதம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. பணம் கட்டிய 10 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் மெம்பர்ஷிப்பை ரத்து செய்துகொள்ளலாம்; கட்டிய பணம் முழுவதும் திரும்பும். எவ்வளவு பெருந்தன்மை! ஆனால் நாங்கள் சேர்ந்த அன்று மாலை நீச்சல்குளத்தைப் பற்றிச் சொன்னவர்கள், கேம்ப்ஃபயரைப் பற்றிச் சொன்னவர்கள், குழந்தைகளுக்குக் குதிரை சவாரி உண்டு என்று சொன்னவர்கள், இதை மட்டும் சொல்லவில்லை. தன்னடக்கமாக இருக்கும். அதிலும் நாள் கணக்கு பணம் கட்டிய தேதியில் தொடங்கிவிடுகிறது. விதி எழுதிய புத்தகமோ கூரியரில் ஊர் சுற்றிவிட்டு நிதானமாக வருகிறது. உங்கள் கிளப்பில் முதலில் விடுமுறை அனுபவித்தது அந்தப் புத்தகம்தான்.

மிச்சமிருக்கும் நாள்களில் வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. “பேரன் பேத்திக்கும் ஆகும்ல, வச்சுக்கோங்க” என்றார் அத்தை. “உடனே கேன்சல் பண்ணுங்க மாமா” என்றான் மைத்துனன். ஏற்கெனவே இப்படியொரு கிளப்பில் இருக்கும் அலுவலக நண்பர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், “உங்க மெம்பர்ஷிப்பை வேற யாருக்காவது மாத்திவிட முடியுமான்னு கேட்டுப் பாருங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

முதலில் அந்த மாலையைப் பாராட்டிவிடுகிறேன். ஷாப்பிங் மாலில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிப் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்தது. என் சீட்டுக்கும் விழுந்தது, மனைவி சீட்டுக்கும் விழுந்தது, பேனா எழுதுகிறதா என்று பார்க்க மகன் கிறுக்கிப் போட்ட சீட்டுக்கும் விழுந்தது. பரிசை வாங்கக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்றீர்கள். “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்பது நம் ஊரில் காலங்காலமாக எல்லாரும் தப்பித்துவரும் வாசல். வீட்டையே வரவழைத்து அந்த வாசலையும் சாத்திவிட்ட சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அரங்கில் பாட்டுச் சத்தம், சமோசா, வட்ட மேசைகள். கடந்த ஆண்டுகளில் எங்கெங்கே போனீர்கள், எவ்வளவு செலவு என்று ஒரு படிவம். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு பலூன் வெடிக்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். பக்கத்து மேசைத் தம்பதிக்கு வெடித்தபோது அந்தப் பெண் திடுக்கிட்டுக் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் தயங்கியதும் கோட் போட்ட மேனேஜர் வந்தார், விலையில் ஒரு லட்சம் குறைந்தது. “இன்னைக்கு மட்டும்தான் சார். எழுந்து போயிட்டீங்கன்னா சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடும்” என்றார். பட்டுச்சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்கி, “சும்மா பாத்துட்டு வரோம்” என்று நாலாவது கடைக்கும் போகிற ஊரில், கால் நூற்றாண்டு விடுமுறையை இரண்டு மணி நேரத்தில் எடுக்கச் சொன்னீர்கள். யோசித்த என் மனைவியிடம் மேனேஜர் மென்மையாக ஒன்று கேட்டார்: “பசங்களுக்கு நாலு இடம் காட்டணும்னு உங்களுக்கு ஆசையில்லையா மேடம்?”

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய்யான அவசரம் காட்டுவது, மறுப்பவரைக் கூசவைப்பது, சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது எல்லாம் அதில் உண்டு. அதிகாரிகள் பாவம், எத்தனை வலைத்தளங்களைத் துழாவியிருப்பார்களோ! ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் அரங்குக்கு வந்திருந்தால் பாதியை நேரிலேயே பார்த்திருக்கலாம், சமோசாவோடு.

அடுத்து, பார்வை 2-ல் கண்ட கணக்கு. தாள் உங்கள் பிரதிநிதியின் சட்டைப்பையில் இருந்தாலும் கணக்கு எங்கள் மண்டையில் இருக்கிறது. மெம்பர்ஷிப் வரி உட்பட 5,00,000 ரூபாய். ஆண்டுக்கு 7 இரவு, 25 ஆண்டுக்கு 175 இரவு. வகுத்தால் ஓர் இரவுக்கு 2,857 ரூபாய்தான். “இந்த ரேட்டுக்கு ஊட்டில லாட்ஜ்கூடக் கிடைக்காது சார்” என்றார். அங்கே பேனாவை மூடிவிட்டார்.

மூடிய பேனாவை என் மனைவி திறந்தார். புத்தகத்தில் ஆண்டு பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது: 18,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,240 ரூபாய், ஆக 21,240. போனாலும் கட்டவேண்டும், போகாவிட்டாலும் கட்டவேண்டும். கட்டாவிட்டால் அறை பதிவு செய்ய முடியாது. ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு 3,034 ரூபாய். முன்னதோடு கூட்டினால் 5,891. சாப்பாடும் பயணமும் தனி. தவணையில் கட்டினால் அதற்கு வட்டியும் தனி.

கட்டணம் “அவ்வப்போது உயர்த்தப்படலாம்” என்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால் 25-ஆம் ஆண்டில் அந்த 18,000 ஏறத்தாழ 73,000 ஆகியிருக்கும், வரி நீங்கலாக. அன்றைய தேதியில் எனக்கு மலை ஏற முட்டி ஒத்துழைக்குமா என்பதற்குப் புத்தகத்தில் விதி எதுவும் இல்லை.

இப்போது அதே 5 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 32,500 ரூபாய். உங்களுக்குக் கட்டாத பராமரிப்புக் கட்டணம் 21,240. சேர்த்தால் 53,740; ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு 7,677 ரூபாய். வட்டிக்கு வருமான வரி போனாலும் நல்ல ஓட்டலிலேயே அறை கிடைக்கும். அறை வாடகை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும், உங்கள் கட்டணமும்தான் ஏறும். ஆனால் வங்கியில் போட்ட அசல் அப்படியே இருக்கும். ஒரு வருஷம் ஊட்டிக்குப் போகாமல் மாமியார் வீட்டுக்குப் போனால் அந்த வருஷப் பணமும் கையில் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அறையில் தங்குபவனைவிடத் தங்காமல் பராமரிப்பவனிடம் அரசு கூடுதலாக வரி வாங்குகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளந்து பார்த்தோம்.

பணம் போகட்டும், அறையாவது கிடைக்குமா என்று பார்த்தோம். உங்கள் காலண்டர் பல வண்ணத்தில் அழகாக இருக்கிறது. எங்களுக்கு விற்ற வண்ணத்தில் மே மாதம் இல்லை, பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, காலாண்டு விடுமுறையும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் நாள்கள் மட்டும் தாராளமாக இருக்கின்றன. “பசங்களுக்கு நாலு இடம்” காட்ட வேண்டுமானால் தலைமையாசிரியரையும் மெம்பராகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

“எப்ப வேணும்னாலும் ஊட்டி, எப்ப வேணும்னாலும் கொடைக்கானல்” என்றார் உங்கள் பிரதிநிதி. சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. 2024 மே 7 முதல் அந்த இரண்டு மலைக்கும் இ-பாஸ் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டுக் கோடையில் வாகனங்களுக்கு உச்சவரம்பும் வைத்தது: நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று நீதிமன்றமே கவலைப்படும்போது, 2050-ல் எனக்கொரு அறை உண்டு என்று சமோசாவைக் கடித்தபடி உறுதி சொன்ன தம்பியின் நெஞ்சுரத்துக்கு என் வணக்கம்.

உங்கள் திட்டம் யாருக்குமே ஆகாது என்று சொல்லமாட்டேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர், கூட்டமில்லாத மாதத்தில் போக விரும்புகிறவர், பல மாதம் முன்னதாகவே பதிவு செய்கிற பொறுமைசாலி, ஒரு வருஷம்கூட விடாமல் போகிறவர், கையில் ரொக்கம் உள்ளவர் – இத்தனையும் ஒருவரே என்றால் அவருக்குப் பொருந்தும். அவருக்கு லக்கி டிரா வைக்கத் தேவையில்லை. விலையைப் பலகையில் எழுதிப் போட்டாலே வந்துவிடுவார். நீங்கள் மாலில் தேடுவது அவரை இல்லை.

மற்ற நாடுகளில் இந்த வியாபாரத்தை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் கொண்டுவந்த விதிப்படி, வாங்கியவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள 14 நாள். அந்த நாள்கள் முடியும்வரை முன்பணமாக ஒரு காசும் வாங்கக்கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள். “எனக்கு இந்த உரிமை வேண்டாம்” என்று வாங்குபவரே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இங்கே இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தெர்மாகோலுக்குக் கீழே நீங்கள் வைத்த 10 நாள்தான் இருக்கிறது, அதற்கு மேல் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஆகவே, எங்கள் முடிவு. இன்று நாங்கள் ரத்து செய்து, பிறகு வருத்தப்பட்டால், மறுபடி வந்து சேர்ந்துகொள்ளலாம்; உங்கள் அரங்கில் அடுத்த சனிக்கிழமையும் பலூன் இருக்கும். இன்று வைத்துக்கொண்டு பதினோராம் நாள் வருத்தப்பட்டால், 25 வருஷம் வருத்தப்படவேண்டும். குழப்பமாக இருக்கும்போது, திரும்பி வரக்கூடிய வழியில் போவதுதான் புத்தி. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசித்தால் தாங்காத விலைக்கு ‘இன்று மட்டும்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் தூங்கி எழுந்துவிட்டோம்.

இந்தக் கடிதத்தையே ரத்து அறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பகடி பிடிக்காதவர்களுக்காக நேராகவும் சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தத்தின் ரத்து விதிப்படி, அவகாசத்துக்குள், எங்கள் மெம்பர்ஷிப்பை ரத்து செய்கிறோம், கட்டிய தொகை முழுவதையும் கட்டிய கார்டுக்கே திருப்பி அனுப்பவும். இதே வாசகம் உங்களிடம் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து வந்திருக்கிறது. காகிதப் பிரதி ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறது; ரசீது என்னிடம், ரசீதின் புகைப்படம் மனைவியிடம். பணத்தைத் தவணைக் கடனாக மாற்றிய வங்கிக்கும் தனியாக எழுதியாகிவிட்டது. போனில் சொன்னால் போதும் என்று உங்கள் பெண் ஊழியர் அன்போடு சொன்னார். அன்புக்கு நன்றி, போனுக்கு ரசீது கிடையாது.

இனி ‘ரிட்டென்ஷன்’ பிரிவிலிருந்து ஒருவர் அழைப்பார் என்று தெரியும். கையெழுத்துப் போடும்வரை “சார்” என்றவர்கள், போட்ட மறுநாள் “மெம்பர் ஐடி சொல்லுங்க” என்றார்கள். இந்த அழைப்பில் மறுபடி “சார்” ஆவேன். ஒரு வருஷப் பராமரிப்புக் கட்டணம் தள்ளுபடி, அந்தமானில் மூன்று இரவு இலவசம் என்பார். அவகாசம் முடியும்வரை “மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன்” என்றும் சொல்வார். அவருக்குச் சிரமம் வேண்டாம். பணம் வராவிட்டால் நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்போம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். வழக்கு மும்பையில்தான் என்று உங்கள் புத்தகம் சொல்கிறது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் விலையை அந்த வரம்புக்குள் நிறுத்திய மேனேஜருக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
முன்னாள் உறுப்பினர்
(மனைவியின் மேற்பார்வையில்)

இணைப்பு: மெம்பர் அட்டை 1, தோல் பட்டை 2, வண்ணப்படம் 1. ஒப்பந்தப் புத்தகம் அனுப்பப்படவில்லை. அது ஆணையத்துக்குத் தேவைப்படலாம்.

நகல்: பக்கத்து மேசைத் தம்பதிக்கு. உங்கள் பெட்டியிலும் தெர்மாகோலைத் தூக்கிப் பாருங்கள். நமக்கு ஒரே நாளில்தான் பலூன் வெடித்தது.