ஆள் இல்லாத நேரத்தில் வந்த விருந்தாளி

1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, பிரிட்டனின் பெரும் கப்பற்படை ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னித் தீவுகளின் நடுவிலுள்ள ஸ்காபா ஃப்ளோவில் நங்கூரம் போட்டிருந்தது. உலகத்தையே மிரட்டிய படை அது. அதை மிரட்ட ஒரு நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் போதும். இல்லாத பெரிஸ்கோப்பானாலும் சரி.

செப்டம்பர் 1 மாலை யாரோ தண்ணீரில் எதையோ பார்த்தார்கள். பீரங்கிகள் முழங்கின. படைத்தலைவர் அட்மிரல் ஜெல்லிகோ மொத்தப் படையையும் இரவோடு இரவாகக் கடலுக்குக் கிளப்பினார். நீர்மூழ்கி எதுவும் வரவேயில்லை. தலை நீட்டியது ஒரு கடல்நாயாக இருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ‘முதலாம் ஸ்காபா போர்’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

அக்டோபரில் மறுபடி பீதி. இந்தத் தடவை ஓட்டம் அயர்லாந்தின் லாக் ஸ்வில்லி வரை. அங்கே காத்திருந்தது வேறு வினை. ‘பெர்லின்’ என்ற ஜெர்மன் பயணிகள் கப்பல் அந்தப் பக்கம் கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போயிருந்தது. அக்டோபர் 27 அன்று ‘ஆடேஷியஸ்’ என்ற புதுப் போர்க்கப்பல் அதில் சிக்கி மூழ்கியது. போர் முடியும்வரை அது மூழ்கியதைக் கடற்படைத் தலைமை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் அசல் நீர்மூழ்கி வந்தது: யூ-18. அதற்கு மண்ணெண்ணெய் எஞ்சின். நீருக்கு மேலே ஓடினால் வெண்புகை கிளம்பும். ஒளிந்து வர வேண்டிய படகுக்கு எவ்வளவு பொருத்தம்! நவம்பர் 23 அன்று அதன் கேப்டன் ஹென்னிக், ஹோக்ஸா நீரிணை வழியாக வந்து பெரிஸ்கோப்பை உயர்த்தினார். மொய்க் கவரோடு போனவன் பூட்டிய மண்டபத்தைப் பார்த்த கதைதான். படை வெளியூர் போயிருந்தது.

யூ-18 வெறுங்கையோடு திரும்பியபோது, கடற்படை பணியில் அமர்த்தியிருந்த ‘டோரதி கிரே’ என்ற மீன்பிடிப் படகு பெரிஸ்கோப்பைப் பார்த்துவிட்டது. நேராக வந்து ஒரே மோது! ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சுக்கான் பழுதாகி, யூ-18 நினைத்தபோது மேலே வந்தது, நினைத்தபோது கீழே போனது. கடைசியில் பென்ட்லண்ட் பாறைகளில் போய் இடித்துக்கொண்டது. குழுவினர் வேறு வழியின்றிச் சரணடைந்து, படகைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்களை ‘கேரி’ என்ற டெஸ்ட்ராயர் ஏற்றிக்கொண்டது.

யூ-18 கடைசிவரை ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஸ்காபாவுக்கு வராத நீர்மூழ்கி ஜெர்மனிக்கு ஒரு போர்க்கப்பலைச் சம்பாதித்துக் கொடுத்தது. வந்த நீர்மூழ்கி பிரிட்டனுக்குப் போர்க்கைதிகளைச் சம்பாதித்துக் கொடுத்தது.