கோவிவன் கடித்த கதை

பழைய உலோக நாய் பொம்மை சேகரிக்கிறவர்கள் ஒரு தனி ரகம். வியன்னாவில் பிரான்ஸ் சேவர் பெர்க்மான் (1861–1936) பட்டறையில் வார்த்த வெண்கல நாய் ஒன்று கிடைத்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மல்லாத்தி வயிற்றைப் பார்ப்பார்கள், ஜாடிக்குள் ‘பி’ எழுத்து முத்திரை இருக்கிறதா என்று. சூளையில் சுடாமல், வண்ணத்தைப் பூசி அப்படியே காயவைத்த சாமான் அது. மூக்கு நுனியும் காது மடலும் கைபட்டுத் தேய்ந்திருந்தால்தான் நம்புவார்கள். மூக்கில் பெயிண்ட் பளபளத்தால் அது போன மாதம் பிறந்த பழம்பொருள். பெர்க்மான் கொஞ்சம் விவகாரமான சிலைகளும் செய்தார். அவற்றில் மட்டும் தன் பெயரைப் பின்னாலிருந்து முன்னுக்கு ‘நாம் கிரெப்’ என்று பொறித்தார். வீட்டில் தெரிந்தால் சோறு கிடைக்காது போல.

இவ்வளவு பெயர் ஆராய்ச்சி நடக்கிறதே, அந்த நாய்க்கு என்ன பெயர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூருக்குத்தான் வரவேண்டும். இங்கே இருப்பது நடுகல். பையில் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது, அதனால் பிழைத்தது.

மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. அந்தக் காலத்தில் செங்கம் பக்கம் அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவது முழுநேரத் தொழில். வெட்சிப்பூ சூடிக்கொண்டு போனால் திணை, சூடாமல் போனால் திருட்டு. எடுத்தனூருக்கு வந்தவர்கள் பூ வைத்திருந்ததாகத் தெரியவில்லை. கல்வெட்டு ‘கள்ளர்’ என்றே சொல்லிவிட்டது. குறி எருமைகள் மீது. காக்கப் போன கருந்தேவக்கத்தி சண்டையில் செத்தான். எருமைகள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கும். கோவிவன் என்ற நாய் மட்டும் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது.

ஊர் என்ன செய்தது? வீரனைச் செதுக்கி, பக்கத்தில் நாயையும் செதுக்கி, பெயர் போட்டு, எத்தனை பேரைக் கடித்தது என்கிற கணக்கையும் எழுதி வைத்தது. கடிபட்டவர்கள் பெயரை விட்டுவிட்டார்கள். எழுதியிருந்தால் பரம்பரையே தலைநிமிர முடியாது. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை வெளியிட்ட, இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ இப்படிப்பட்ட கற்களுக்கென்றே வந்த நூல். நாய்க்குப் பெயர் சொல்லி மரியாதை செய்வது இந்தப் பக்கத்தில் இன்னும் விட்டுப்போகவில்லை. ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே உண்டு.

இதில் வேடிக்கை காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று சமஸ்கிருதத்தில் ஒரு கேலி நாடகம் எழுதினான். குடிபோதையில் இருக்கும் காபாலிகன் சத்தியசோமன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். பிச்சைப் பாத்திரமும் அதுதான், சைட் டிஷ் தட்டும் அதுதான். புத்த பிட்சு நாகசேனன்தான் அமுக்கிவிட்டான் என்று தெருவில் கட்டிப்புரண்டு, பஞ்சாயத்துக்குப் பாசுபதர் ஒருவர் வந்து, மூன்று மதமும் சந்தி சிரித்த பிறகு உண்மை வெளியாகிறது. உள்ளே இருந்த இறைச்சிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்!

ஒரே ராஜா, ஒரே ஆட்சி. ராஜாவின் நாடகத்தில் நாய் திருடன், எருமை மேய்க்கிற ஊரில் நாய் போலீஸ். ‘விசித்திரசித்தன்’ என்று பட்டம் வைத்துக்கொண்ட மனுஷன், தன் நாடகத்து நாய்க்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. எடுத்தனூர்க்காரர்கள் நாடகம் பார்த்திருந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.