பசார் காராட் ரசிகமணி

ஜோகூர் பாருவில் இருட்டிய பிறகு கூடும் பசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில் கைக்கடிகாரம் தேடுகிறவர் நின்றுகொண்டே தேடுவார். காற்சட்டை தேடுகிறவர் இடுப்பில் வைத்து அளந்து பார்ப்பார். தார்ச்சாலையில் குந்தி உட்கார்ந்து, கைபேசி விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு, பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றின் அடிவயிற்றை முகர்ந்து பார்க்கிறவர்தான் நம் ரசிகமணி. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே. பகலில் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை சூப்பர்வைசர், அல்லது விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். தட்டை ஒற்றை விரலால் சுண்டிவிட்டு, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுவார். ஊசிக்கையை இரண்டு விரலால் பிடித்து, மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடிக்கொள்வார். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படிப்பார். கடைக்கார பாக்சிக் பெருமையாக, “போலே பாக்காய்லா, நல்லா ஓடும்” என்று சொல்லிவிட்டால் போதும், ரசிகமணியின் முகம் வாடிவிடும். ஓடுகிற மெஷின் அவருக்கு எதற்கு?

அந்த வாட்டத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேட்டால் “எல்லாம் பாட்டுக்காகத்தான் அண்ணே” என்பார். நம்பாதீர்கள். அவருக்கு வேண்டியது பழுது; பழுது நீங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கத்தான் பாட்டு. இதற்கு முதல் சாட்சி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ரெக்கார்டு பிளேயர். 1972-ல் பிறந்து, டிஜேக்கள் கையில் உலகம் சுற்றி, 2010-ல் தயாரிப்பு நின்று, 2016-ல் உயிர்த்தெழுந்த மாடல் அது. 2019-ல் வந்த அதன் எம்கே7 வகை மலேசியாவிலேயே தயாராகிறது. நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்டு, உத்தரவாதச் சீட்டோடு, பெட்டி பிரிக்காமல் கடையில் கிடைக்கிறது. பாட்டுதான் குறி என்றால் அதை வாங்கிவந்து, மற்ற செலவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அன்றைக்கே கேட்க ஆரம்பித்திருக்கலாம். ரசிகமணி அந்தக் கடைப் பக்கம் திரும்புவதே இல்லை. “புதுசுல என்னண்ணே இருக்கு?” என்பார். பிரித்துப் போட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதே மனிதர், சிங்கப்பூர் சுங்கை ரோட்டுச் சந்தையை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு இழுத்து மூடியபோது நெருங்கிய சொந்தத்தில் துக்கம் விழுந்தது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பழுதுகளுக்குள்ளும் அவரிடம் தரவரிசை உண்டு. பெல்ட் அறுந்தது கடைநிலை, யாரும் மாற்றலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ரப்பர் இளகித் தாராகிக் கப்பியில் அப்பிக்கிடந்தால் கொஞ்சம் மரியாதை. ஆல்கஹால், பஞ்சு, பல்குச்சி என்று ஓர் இரவு இனிதே கழியும். ஊசிக்கையைத் தானே தூக்கி வைக்கும் பொறியில் கிரீஸ் மெழுகாக இறுகி, கை பாதி வழியில் நின்று யோசித்தால் இன்னும் விசேஷம். கேரார்ட் 301, தோரென்ஸ் டிடி 124 போன்ற ஐம்பதுகளின் மெஷின்களில் தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம், பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்திக்கிடந்து ஒரு பக்கம் சப்பையாகி, டொப் டொப்பென்று அடித்தால் வீட்டில் அன்று தீபாவளி. எல்லாவற்றுக்கும் மேலே ‘ஜப்பான் செட்’. அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் மெஷின் ஒரே ஒரு பாட்டுப் பாடும், அதையும் புகையாகப் பாடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் வம்பு தீராது. தோக்கியோ இருக்கும் கிழக்கு ஜப்பானுக்கு 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குக்கு 60. ஒசாகா பக்கத்து ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-ஐக் கூட எட்டாது. பி.சுசீலா டி.எம்.எஸ். ஆகிவிடுவார், டி.எம்.எஸ். என்ன ஆவார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். கடைசல் பட்டறையில் கொஞ்சம் பெரிய கப்பியாகச் செய்து வாங்கி மாட்டி, 180 கோடு அச்சிட்ட வட்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்து, மெயின் கரண்டில் துடிக்கும் விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை ரசிகமணி ஓயமாட்டார். கோடு நின்றதும் ஊசியை வைப்பார். பல்லவி முடியும். எடுத்துவிடுவார். அந்த வீட்டுச் சுவர்கள் இதுவரை சரணம் கேட்டதில்லை. “ஏங்க, பாடுறது ஒண்ணு போதாதா?” என்று மனைவி கேட்டால், “பாடுறதுதான் பாடுதே, பாடாததை யாரு பார்க்கிறது?” என்பார். இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

இசைத்தட்டின் ஒலியில் ஒரு தனிச் சுகம் உண்டு, நல்ல காது படைத்தவர் அதற்காகத்தான் அலைகிறார் என்று அவருக்காக வாதாட ஆள் இருக்கிறது. ஆனால் தட்டின் வெளி ஓரத்தில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வேகத்தில் உரசும் ஊசி, கடைசிப் பாட்டுக்கு வரும்போது இருபது சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது; அதே ஓசையை அதில் பாதிக்கும் குறைந்த இடத்தில் திணித்துச் செதுக்க வேண்டியிருப்பதால் உள் ஓரத்துப் பாட்டு கலங்குவது பௌதிகம். காதின் நுட்பத்துக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அசல் நாடாவிலிருந்து அனலாக் முறையிலேயே எடுத்தவை என்று ரசிகர்கள் போற்றிய தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்ததை, அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம் 2022-ல் ஒப்புக்கொண்டது. அதுவரை டிஜிட்டலைக் காதாலேயே பிடித்துவிடுவோம் என்றிருந்த பெருங்காதர்கள் அந்தத் தட்டுகளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இதற்காக ஒலியை நான் குறைசொல்லவில்லை. எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டு ஒன்று, கீறலில்லாமல், நல்ல ஊசியில் ஓடினால் அருமையாகத்தான் இருக்கும். நம்மவர் அதை உட்கார்ந்து கேட்பதில்லை என்பதுதான் வழக்கு.

பழைய ஞாபகம் என்பார்கள் அடுத்து. யாருடைய ஞாபகம்? இவர் வயதுக்காரர்கள் வளர்ந்த தோட்டத்து லயங்களில் பாடியது வானொலி, பிறகு கேசட். ரெக்கார்டு பிளேயர் கிராணியார் வீட்டிலும், கல்யாணத்துக்கும் தீமிதிக்கும் ஒலிபெருக்கி கட்ட வந்தவரிடமும் இருந்த பொருள்; தொட்டால் கையில் அடி விழும். ஞாபகத்துக்காக ஏங்குகிறவர் கேசட் பிளேயரை அல்லவா தூக்கிவர வேண்டும்? அதை அவர் எப்போதோ பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார். சின்ன வயதில் தொட விடாத பொருளை இப்போது திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்க்கிறார் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். முதலீடு என்று சொல்வதற்கும் இடமில்லை. முதலீட்டாளர் என்றைக்காவது ஒருநாள் விற்க வேண்டுமே.

அப்படியானால் வெட்டிவேலையா? இல்லை. பாட்டுக்காக மட்டும் வந்தவர் முதல் கரகரப்பில் கைபேசிக்குத் திரும்பிவிடுவார். எம்44-7 போன்ற ஊசிகளால் பேர்வாங்கிய ஷூர் நிறுவனமே 2018-ல் அந்தத் தொழிலை விட்டுவிட்டது. ரேடியோ ரிப்பேர்க் கடைகள் இருந்த இடங்களில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். படம் முழுவதையும் வசனமும் பாட்டுமாகச் சுருக்கிக் கல்யாண வீடுகளில் ஓடவிட்ட ஒலிச்சித்திரத் தட்டுகளும், கம்பத்து வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் பழைய 78 சுற்றுத் தட்டுகளும் மறுபடி பேச வேண்டுமானால், 78-க்குத் தடித்த ஊசி வேண்டும், எல்பி ஊசி ஆகாது என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தாக வேண்டும். சரணம் கேட்காத குற்றத்தை அதற்காக மன்னித்துவிடலாம்.

ஆகவே குளுவாங்கிலோ மூவாரிலோ உங்கள் பாட்டி வீட்டு அலமாரி உச்சியில் துணி மூடிய பிளேயர் ஏதாவது இருந்தால், “ஓடுதான்னு பார்ப்போம்” என்று பிளக்கில் செருகாதீர்கள். பழைய இரும்புக்காரரிடமும் தள்ளிவிடாதீர்கள். ரசிகமணிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் உடனே வருவார். கூலி வாங்கமாட்டார். மெஷினைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருந்து பார்க்கிறேன் என்பார். அப்போது மட்டும், திருப்பித் தரும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.