23 கிலோ ஆசாமி

பொனேர் தீவுக்குக் கிளம்ப இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே அவர் கையில் தொங்கு தராசு ஏறிவிடும். பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரின் முகத்தோடு குறித்துக்கொள்வார். 22.7. விமானத்தில் ஒரு பெட்டிக்கு அனுமதி 23 கிலோ. 300 கிராம் மிச்சம் என்று சந்தோஷப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே எடையைக் காட்டுமா என்ற கவலை அந்த நிமிஷமே பிடித்துக்கொள்ளும்.

இவரை நியூவார்க்கிலும் பார்க்கலாம், ஆம்ஸ்டர்டாமிலும் பார்க்கலாம். கடலுக்கடியில் ஒரு வாரம் கிடக்க வேண்டும் என்று வருஷம் முழுக்கக் கனவு காண்கிறவர். தீவைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது பொனேர். 288 சதுர கிலோமீட்டர்தான். 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, ஆனால் புழங்குவது அமெரிக்க டாலர். புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கிக் கிடப்பதால் எந்த மாதமும் போகலாம். படகுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கல் தெரிந்தால் அங்கே ஒரு டைவ் தளம் இருக்கிறது என்று அர்த்தம். பிக்கப் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டி, கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் போய்விடலாம். இவ்வளவு சுலபமான தீவுக்குத் திட்டம் போட என்ன இருக்கிறது? அதனால்தான் மனிதர் முழுச் சக்தியையும் எடையில் இறக்கிவிடுகிறார்.

வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதக்க உதவும் பி.சி.டி. கோட்டு, வெட்சூட், ஃபின்ஸ், டார்ச், டைவ் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி எடை. ஈரமாக ஒரு எடை, காய்ந்த பிறகு ஒரு எடை. ரெகுலேட்டர் தொலைந்தால் பயணமே தொலைந்தது என்பதால் அது கைப்பையில். லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான், விமான விதி அப்படி. அந்த விதியை யாரோ தனக்காகவே இயற்றியதுபோல் குதூகலிப்பார், பெரிய பெட்டியில் 400 கிராம் குறைந்துவிட்டதே! பொனேர் கடற்பூங்காவில் கையுறை போடக்கூடாது, போட்டால் பவளத்தைப் பிடிக்கக் கை நீளும் என்று தெரிந்த அன்றும் இப்படித்தான். சூழல் அக்கறையால் வந்த மகிழ்ச்சி என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். கையுறை 110 கிராம். ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனை அங்கே விற்கக்கூடாது என்று படித்ததும் குளியலறை அலமாரியிலிருந்து குழாய் நேராகக் குப்பைக்குப் போயிற்று. அதற்கும் ஒரு வரி அடித்தாயிற்று.

பால் ஹ்யூமனும் நெட் டிலோச்சும் எழுதிய கரீபிய மீன் அடையாளப் புத்தகம் மட்டும் அவருக்குத் தர்மசங்கடம். விடவும் மனசில்லை, தூக்கவும் எடையில்லை. வழவழ தாளில் வண்ணப்படங்களாக அச்சிட்ட புத்தகம், கனக்கத்தானே செய்யும். மூன்று நாள் யோசித்துவிட்டு மனைவியின் பெட்டியைத் திறப்பார்.

மனைவி ஸ்நார்கல் போடுபவர். முகமூடி, குழாய், ஃபின்ஸ், மேலே போட ஒரு நீச்சல் சட்டை. எல்லாம் சேர்த்தாலும் நான்கு கிலோ தேறாது. தராசுக்காரர் கண்ணுக்கு அந்தப் பெட்டியில் தெரிவது 19 கிலோ வெற்றிடம். “உன் பெட்டியில் இடம் சும்மாதானே கிடக்கு?” புத்தகம் போகும். பின்னாலேயே இரண்டாவது டார்ச் போகும், உபரி ஃபின்ஸ் பட்டை போகும், வெட்சூட்டும் போகும். அம்மணியின் இரண்டு பருத்தி உடைகள் “அங்கேயே வாங்கிக்கலாம்” என்று வெளியே வரும்.

இத்தனை கிராம் கணக்கும் முடிந்து தீவில் இறங்கியதும் அவர் முதல் வேலையாக டைவ் கடைக்குப் போய் இடுப்பில் ஈயம் கட்டிக்கொள்வார். நான்கு கிலோவோ ஐந்து கிலோவோ. வெட்சூட் மிதக்கும் பொருள், ஈயம் இல்லாமல் கடலுக்குள் அமுங்க முடியாது. மிதக்கிற உடுப்பைக் கண்டம் தாண்டிச் சுமந்து வந்து, அது மிதக்காமலிருக்க இங்கே கனம் ஏற்றுகிறார்! முதுகில் அலுமினிய சிலிண்டர், நிரப்பினால் 16, 17 கிலோ. இவ்வளவையும் சுமந்து ‘ஆயிரம் படி’ என்ற தளத்தில் சுண்ணாம்புப் பாறைப் படிக்கட்டில் இறங்கி ஏறுவார். படிகள் உண்மையில் நூறைக்கூட எட்டாது. திரும்பி ஏறும்போதுதான் பெயர்ப் பொருத்தம் புரியும். அப்போது அவர் கையில் தராசு இருக்காது.

மற்ற பழக்கங்கள் சாதாரணம். நாளுக்கு நான்கு டைவ் என்று அட்டவணை. 1984-ல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல் செவ்வாய்க்கிழமை, உப்புத் துறைமேடை வியாழக்கிழமை. வியாழனன்று உப்பு ஏற்ற ஒரு கப்பல் வந்து நின்றது. கப்பல் நிற்கும்போது அங்கே இறங்க அனுமதியில்லை. அட்டவணையோடு கரையில் நின்று அந்தக் கப்பலை அவர் முறைத்த முறைப்பில் அது புறப்பட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். சிலிண்டர் வால்வில் ஓ-ரிங் என்று ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அது பிய்ந்தால் காற்று சீறி வெளியேறும், அன்றைய டைவ் அவ்வளவுதான். பக்கத்து வண்டியில் வந்த யாரோ ஒரு பையனுக்கு அது பிய்ந்தது. தராசுக்காரர் ஒன்றும் பேசாமல் தன் டப்பாவைத் திறந்தார். ஓ-ரிங், முகமூடிப் பட்டை, கடிவாய் ரப்பர், பிளாஸ்டிக் கட்டு, எல்லாம் இரண்டிரண்டு. பெயர்கூடக் கேட்காமல் மாட்டிக் கொடுத்து, காற்றைத் திறந்து காதால் கேட்டு, பையனின் பட்டைகளை எல்லாம் ஒரு தடவை இழுத்துப் பார்த்து அனுப்பினார். அந்த டப்பாவை அவர் எடை போட்டதே இல்லை. கடலுக்கடியில் துணைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் இவரைத்தான் காட்டுவேன்.

கரையில்தான் தகராறு. பொனேரில் டைவ் வண்டிகளைப் பூட்டுவதில்லை. திருட்டு உண்டு, கண்ணாடியை உடைத்துவிடக் கூடாதே என்று ஜன்னலைத் திறந்தே விட்டு, மதிப்புள்ள எதையும் உள்ளே வைக்காமல் போவதுதான் ஊர் வழக்கம். நம்மவர் அதைவிடச் சிக்கனமான வழி கண்டுபிடித்திருக்கிறார்: “நீ வண்டியில் இருந்தா கவலையே இல்லை பாரு.” அப்படி அம்மணி தீவின் பாதி நாட்களை வாடகைப் பிக்கப்பின் முன்சீட்டில் கழிக்கிறார். கடற்பூங்காவுக்கான கட்டணத்தை அவரும் கட்டியிருக்கிறார்.

இது வேடிக்கையில்லை, அநியாயம். ஸ்நார்கல் என்றால் டைவ் அடிக்கத் தெரியாதவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இவருக்கு மட்டுமில்லை, இவர் கூட்டம் முழுக்கவே உண்டு. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. முதல் சில மீட்டர்களிலேயே அது மங்கிவிடும். 18 மீட்டர் ஆழத்தில் சிவப்புக் கடற்பஞ்சு பழுப்பாகத்தான் தெரியும். அதன் நிறத்தைப் பார்க்கத்தான் அவர் டார்ச் சுமக்கிறார். இரண்டாவது டார்ச்சை மனைவி பெட்டியிலும் திணிக்கிறார். அதே சிவப்பை இரண்டு மீட்டர் நீரில் வெறும் வெயிலில் பார்க்கக்கூடியவர் வண்டிக்குக் காவல்! கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம்கூட மேலே மிதப்பவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். டைவ் அடிப்பவர் காதில் அவருடைய காற்றுக்குமிழிகளின் இரைச்சல்.

எதிரே கிளைன் பொனேர் என்று ஆளில்லாத குட்டித் தீவு. தண்ணீர் டாக்சி ‘நோ நேம்’ கடற்கரையில் இறக்கிவிடும். கரையோரம் நடந்துபோய் நீரில் இறங்கினால் நீரோட்டமே பவளத்தின் மேல் மிதக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அட்டவணையில் இது எப்போதும் கடைசி நாள். காரணம் அன்பு அல்ல. தொடர்ந்து பல டைவ் அடித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆகவே அன்று அவருக்கு வேறு வேலையில்லை. அந்தக் கடைசி நாள் வந்ததும் வெட்சூட் ஈரமாக இருக்கும். ஈரத்தோடு கட்டினால் 23 தாண்டிவிடும். பால்கனியில் கொடி கட்டிக் காயப்போட்டு, திருப்பிப் போட்டு, மறுபடி எடை பார்ப்பதற்குள் கடைசிப் படகு போயிருக்கும்.

அம்மணி, அந்தப் படகுக்கு அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. தீவின் தலைநகர் கிராலெண்டைக்கிலிருந்து பக்கம்தான். முதல் நாள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வண்டியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.