ஆறு தரம் தோற்ற அரசன்

கேள்வி: எங்கட வாசிகசாலையில் கரம் விளையாட்டில் என்னை அடிக்க ஆளில்லை. சுற்றுப்போட்டி இறுதியாட்டம் என்றால் மட்டும் நாலு வருசமாகத் தோல்வி. கிண்ணம் எடுக்காதவனைக் கெட்டிக்காரன் என்று சொல்லலாமா ஐயா?
- வாசகர் ஒருவர், அமிர்தகழி

பதில்: தாராளமாகச் சொல்லலாம் தம்பி. இங்கிலாந்தின் ஜிம்மி வைற்றைப் பாருங்கள். உலக ஸ்நூக்கர் போட்டியில் 1984 முதல் 1994 வரை ஆறு இறுதியாட்டம், ஆறிலும் தோல்வி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக் குளம்வரை ஆறு தரம் வந்து, கடைசிப் படியில் கால் நனையாமல் திரும்பின மாதிரி!

1992இல் 14-8 என்று முன்னுக்கு நின்றார். அடுத்த பத்து ஆட்டமும் எதிராளி ஸ்டீபன் ஹென்ட்ரிக்கே போனது. 1994 அதைவிடக் கொடுமை. அன்று ஜிம்மிக்கு 32ஆவது பிறந்தநாள். 17-17. கடைசி ஆட்டத்தில் 37-24 என்று முன்னணி. கறுப்புப் பந்து தன் புள்ளியிலேயே குந்தியிருக்கிறது. நித்திரையிலும் போடக்கூடிய அடி. குழிக்குள் விழவில்லை. ஹென்ட்ரி எழும்பி வந்து 58 புள்ளி எடுத்து முடித்துவிட்டார்.

கிண்ணம் எடுத்தவர்களும் உண்டு: நம் நாட்டு எம்.ஜே.எம். லாபிர் 1973இல் பம்பாயில் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றார். அந்தச் சந்தோஷம் பெரிதுதான். ஆனால் ஜிம்மி மேசைக்கு வந்தால் மண்டபமே எழும்பிக் கைதட்டியதே, அதை எந்தக் கிண்ணத்தில் ஊற்றி அளப்பது?

இந்த வருசமும் பெயர் கொடுங்கள். ஐந்தாம் தரம் தோற்றாலும் ஜிம்மியைவிட ஒன்று குறைவுதான்.